வண்டியில நாமளே கை வச்ச பிறகு ரேஸ் இறங்க மாட்டேங்குதா? அறிகுறியைப் பாத்து தேடற வழி

பானட்டைத் திறந்து ஏதோ ஒரு வேலை பாத்திருப்பீங்க, ஏர் ஃபில்டர் மாத்தினதோ, த்ராட்டில் பாடி (இன்ஜினுக்கு காத்து போற வாய்) கிளீன் பண்ணதோ, கூலன்ட் ஊத்தினதோ, இல்ல பேட்டரியை கழட்டி மாட்டினதோ, எதுவா வேணா இருக்கட்டும். எல்லாத்தையும் மாட்டிட்டு ஸ்டார்ட் பண்ணா வண்டி நின்ன இடத்துலயே உறுமுது, கால் எடுத்தாலும் ரேஸ் இறங்கல. இந்த கம்ப்ளைன்ட் திரும்பத் திரும்ப வருது, வர்றவங்கள்ல பாதி பேரு அதுக்குள்ள ஒரு சென்சாரை வாங்கி மாட்டிட்டுதான் வர்றாங்க. அவசரப்படாதீங்க. நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்த சென்சார் நீங்க ஸ்பேனர் எடுத்த அன்னைக்கு பாத்து தானா சாகறது அபூர்வம். நீங்க கழட்டின இடம், அதை கழட்ட வழியில ஒதுக்கி விட்ட ஹோஸ், முழங்கை இடிச்ச கனெக்டர், இந்த மூணுலதான் ஆரம்பிக்கணும்.

இது பெட்ரோல் வண்டிக்கு எழுதினது. டீசல்ல ஐடிலை (ஆக்சிலேட்டர்ல கால் வைக்காதப்போ இன்ஜின் ஓடற வேகம்) கன்ட்ரோல் பண்ற விதமே வேற, அதுக்கு கடைசியில ரெண்டு வரி இருக்கு.

முதல்ல, இது நிஜமாவே ஹை ஐடில்தானா?

இன்ஜின் நல்லா சூடான பிறகு, ஏசி ஆஃப், லைட் ஆஃப், நியூட்ரல்ல, பெரும்பாலான கார் 650ல இருந்து 850 ஆர்பிஎம்முக்குள்ள நிக்கும். காலைல முதல் ஸ்டார்ட்ல 1200, 1500 வரைக்கும் போறது சகஜம், சூடாக சூடாக தானா இறங்கிடும். ஏசி போட்டா நூறு நூத்தம்பது ஏறும். பேட்டரி ரொம்ப இறங்கி ஜம்ப் பண்ணி எடுத்திருந்தா சார்ஜ் ஏத்தறதுக்காக ஈசியூவே (இன்ஜினை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) கொஞ்ச நேரம் ரேஸை கூட்டி வைக்கற வண்டியும் இருக்கு. இதெல்லாம் கோளாறு இல்ல, விட்டுடுங்க.

சூடான பிறகும் 1000க்கு மேல நின்னா, இல்ல ஏறி ஏறி இறங்கினா, மேல படிங்க. சூடாச்சான்னு டயல் முள்ளை மட்டும் நம்பாதீங்க, ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை ஓடி நிக்கற வரைக்கும் விடுங்க, இல்ல ஸ்கேனர்ல (ஈசியூவைப் படிக்கற கருவி) கூலன்ட் டெம்பரேச்சர் 80 டிகிரி தாண்டிச்சான்னு பாருங்க.

இன்னொன்னு, செக் இன்ஜின் லைட் எரிஞ்சா ஸ்கேனர் காட்டற கோளாறு கோடை முதல்ல எழுதி வச்சுக்கங்க, அப்புறம் அழிங்க. பேட்டரியை கழட்டினா சரியாயிடும்னு கழட்டிட்டு வந்தா கோடும் போயிடும், ஈசியூ பழகி வச்ச ஐடில் லேர்னிங்கும் போயிடும், ஒரு பிரச்சனை ரெண்டாயிடும்.

ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்கு கட்டை வச்சு, நியூட்ரல்ல, ஆட்டோமேட்டிக்னா பார்க்ல வச்சுதான் எல்லா செக்கும். தொங்கற சட்டைக் கை, துண்டு எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. மூடின ஷெட்டுல இன்ஜினை ஓட விடாதீங்க.

அறிகுறி: ஸ்டார்ட் பண்ணதும் 2000, 3000க்கு போய் அங்கயே நிக்குது

உடனே ஆஃப் பண்ணுங்க. இவ்வளவு ரேஸ்னா சின்ன லீக் இல்ல, த்ராட்டில் திறந்தே இருக்கு, இல்லன்னா பெரிய ஹோஸ் ஒண்ணு மாட்டாமயே விட்டிருக்கு.

ஃப்ளோர் மேட் ஆக்சிலேட்டர் பெடல் மேல ஏறியிருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, உள்ள உக்காந்து வேலை பாக்கும்போது மேட் நகர்றது நிறைய நடக்குது.

கேபிள் இருக்கற வண்டின்னா த்ராட்டில் பாடி பக்கத்துல கேபிளை விரலால அழுத்திப் பாருங்க, சில மில்லிமீட்டர் லூஸ் இருக்கணும். விரைப்பா வீணைக் கம்பி மாதிரி இருந்தா கேபிள் த்ராட்டிலை இழுத்து புடிச்சிருக்கு. ஏர் ஃபில்டர் பாக்ஸை திரும்ப மாட்டும்போது கேபிள் அதுக்கு அடியில மாட்டிக்கிறது, இல்ல பிராக்கெட்ல தப்பான காடியில உக்காந்திருக்கறது, ரெண்டுமே பாத்த உடனே தெரியும். க்ரூஸ் கன்ட்ரோல் கேபிள் தனியா இருந்தா அதையும் பாருங்க.

கேபிள் லூஸா இருக்கு, ஆனா த்ராட்டில் முழுசா மூடலன்னா, உள்ள ஏதோ தடுக்குது. இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது கையால திறந்து விடுங்க, டக்குனு சத்தத்தோட மூடணும். மெதுவா வந்து நின்னா பிசுக்கு, இல்ல ஸ்க்ரூவை இறுக்கும்போது காத்து வழியை திறந்து மூடற பிளேட் ஒரு பக்கமா உக்காந்திருக்கு.

கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில்னா சாவி ஆன்ல இருக்கும்போது விரலை உள்ள விடவே விடாதீங்க. மோட்டார் பிளேட்டை படார்னு மூடும், விரலும் போகும், உள்ள இருக்கற பிளாஸ்டிக் கியரும் போகும்.

இங்க எல்லாம் சரியா இருந்தா, த்ராட்டிலுக்கு பின்னாடி இன்டேக் மேனிஃபோல்டுல (சிலிண்டருக்கெல்லாம் காத்தை பிரிச்சுக் கொடுக்கற குழாய்) விரல் நுழையற அளவுக்கு ஏதாவது குழாய் வாய் திறந்து கிடக்கான்னு பாருங்க. பிரேக் பூஸ்டர் (பிரேக் பெடலுக்கு பலம் கூட்டற டப்பா) ஹோஸ்தான் பெருசு, அதைத்தான் வேலைக்கு வழி விட கழட்டி ஓரமா வச்சிருப்பீங்க.

அறிகுறி: 1500 கிட்ட நின்னு, ஆக்சிலேட்டர் மிதிச்சாலும் சரியா ஏறல

இது வேற கேஸ், தனியா சொல்லணும். எலக்ட்ரானிக் த்ராட்டிலுக்கு கரன்ட் போகலன்னா பிளேட் ஸ்பிரிங்கோட பலத்துல கொஞ்சம் திறந்த நிலையில நிக்கும், வீடு போய்ச் சேரட்டும்னு அப்படி வச்சிருக்காங்க. த்ராட்டில் பாடி கனெக்டர் முழுசா உக்காந்திருக்கா, பின் எதுவும் வளைஞ்சிருக்கா, ஃபியூஸ் போச்சா, இது மூணும் பாருங்க. கனெக்டர் மாட்டும்போது 'கிளிக்' கேக்கணும், மாட்டின பிறகு லேசா இழுத்துப் பாத்தா வரக் கூடாது. பி2111, பி2135 மாதிரி கோட் இருந்து கனெக்டரும் நல்லா இருந்தா உங்க வேலை முடிஞ்சுது, ஸ்கேனர் இருக்கற மெக்கானிக் கிட்ட விடுங்க.

அறிகுறி: சூடான பிறகும் 1000ல இருந்து 1500க்குள்ள நிக்குது, ஆடாம ஒரே மாதிரி

அதிகமா வர்றது இதுதான், பொறுமையும் இதுக்குத்தான் அதிகமா வேணும்.

*கிட்ட போனா 'ஸ்ஸ்ஸ்'னு சத்தம் கேக்குதா?*

கேட்டா வேக்யூம் லீக், அதாவது த்ராட்டிலைத் தாண்டி வேற வழியில காத்து உள்ள போகுது. ஒரு நீள ரப்பர் ஹோஸ் துண்டை எடுத்து ஒரு முனையை காதுல வச்சு, இன்னொரு முனையை இன்டேக் பக்கம் மெதுவா நகர்த்திட்டு போங்க, லீக் இருக்கற இடத்துல சத்தம் காதுக்குள்ளயே கேக்கும். பெல்ட், ஃபேன் பக்கம் மட்டும் போகாதீங்க.

*கேக்கலன்னா?*

கேக்கலன்னாலும் லீக் இருக்கலாம், சின்ன லீக் இன்ஜின் இரைச்சல்ல அமுங்கிடும். இந்த வரிசையில போங்க, மேல இருக்கறது காசில்லாம முடியறது, கீழ போகப் போக செலவு.

டிப்ஸ்டிக், ஆயில் கேப். ரெண்டும் அழுந்த உக்காந்திருக்கா? சில இன்ஜின்ல இது திறந்திருந்தா பிசிவி (இன்ஜினுக்குள்ள சேர ஆவியை இன்டேக்குக்கு இழுக்கற அமைப்பு) வழியா அளக்காத காத்து உள்ள போகும். ஆயில் மாத்தின பிறகு வந்த பிரச்சனைன்னா இதுதான் முதல்ல.

பிசிவி ஹோஸ். இதைப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். வால்வு கவர்ல இருந்து இன்டேக்குக்கு வளைஞ்சு போற அந்த குட்டி ரப்பர் முழங்கை, மேல இருந்து பாத்தா புதுசு மாதிரி இருக்கும். வெடிப்பு இருக்கறது அடிப்பக்க வளைவுல. வருஷக்கணக்கா ஆயில் ஆவியில ஊறி கொழகொழன்னு ஆகியிருக்கும், இல்ல சூட்டுல காஞ்சு பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும், நீங்க அதை வேற எதுக்கோ ஒதுக்கி விட்டப்போ பிளந்திருக்கும். கண்ணால பாத்தா தெரியாது, கழட்டி கையில எடுத்து வளைச்சு பாக்கணும், வளைச்சா வாய் திறக்கும். டேப் சுத்தறது நாலு நாள் தாங்காது, ஆயில் பட்டா பசை விட்டுடும், ஹோஸையே மாத்துங்க.

மத்த சின்ன சின்ன வேக்யூம் ஹோஸ். இன்ஜின் ஓடும்போது ஒவ்வொண்ணா துணி சுத்தின பிளையரால லேசா நசுக்கிப் பாருங்க. எதை நசுக்கும்போது ரேஸ் நார்மலுக்கு இறங்குதோ அந்த லைன்லதான் கோளாறு. பெட்ரோல் டேங்க் ஆவியை இழுக்கற பர்ஜ் வால்வு ஹோஸை மறக்காதீங்க, அந்த வால்வு திறந்தபடி மாட்டிக்கிட்டாலும் இதே கதைதான். காஞ்சு போன ஹோஸ், பிளாஸ்டிக் பைப் எல்லாம் நசுக்கினா உடையும், அதை கழட்டி வாயை விரலால அடைச்சுப் பாருங்க.

த்ராட்டில் பாடி கேஸ்கெட். கிளீன் பண்ண கழட்டியிருந்தா, பழைய கேஸ்கெட்டையே போட்டிருந்தா, சந்தேகம் இங்கதான். ரப்பர் ஓ ரிங் காடியை விட்டு வெளிய வந்து நசுங்கியிருக்கும், வெளிய இருந்து பாத்தா ஒரு கறுப்பு நூல் மாதிரி எட்டிப் பாக்கும்.

இன்ஜெக்டர் கழட்டியிருந்தா கீழ இருக்கற ஓ ரிங். காஞ்சபடியே அழுத்தினா முறுக்கிக்கும், லேசா ஆயில் தொட்டு போடணும். மேல இருக்கற ஓ ரிங் முறுக்கியிருந்தா காத்து வராது, பெட்ரோல் கசியும். பெட்ரோல் வாடை அடிச்சா எந்த செக்கும் வேணாம், ஆஃப் பண்ணிட்டு தள்ளிப் போங்க.

கடைசியா இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட். போல்டை ஒரு ஓரத்துல இருந்து வரிசையா இறுக்கியிருந்தா மேனிஃபோல்டு ஒரு பக்கம் தூக்கிக்கும், நடுவுல இருந்து வெளிப்பக்கமா, ரெண்டு மூணு சுத்துல, மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு இறுக்கணும்.

கேஸ்கெட் ஓரத்துல லீக் கண்டுபிடிக்க நான் தண்ணி ஸ்ப்ரே பாட்டில்தான் யூஸ் பண்றேன். மெலிசா அடிச்சா லீக் இருக்கற இடத்துல தண்ணி உள்ள இழுத்து ஒரு நொடி ரேஸ் மாறும், சத்தமும் மாறும். கனெக்டர் மேலயும் சூடான எக்ஸாஸ்ட் மேலயும் படாம அடிங்க. கார்ப் கிளீனர் அடிச்சு பாக்கறது பழைய பழக்கம், வேகமா காட்டிக் கொடுக்கும்தான், ஆனா சூடான எக்ஸாஸ்ட்டுக்கு பக்கத்துல பத்திக்கற சாமானை அடிக்கறது எனக்கு ஒத்து வராது.

ஸ்கேனர் இருந்தா ஒரு குறுக்கு வழி. ஏர் ஃப்ளோ சென்சார் (உள்ள போற காத்தை அளக்கறது) இருக்கற வண்டியில ஐடில்ல ஃபியூவல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கற கணக்கு) பிளஸ் 10, பிளஸ் 15னு இருந்து, 2500 ஆர்பிஎம் பிடிச்சா சைபர் பக்கம் வந்தா, வேக்யூம் லீக்தான், பி0171ம் கூட வந்திருக்கும். மேப் சென்சாரை (இன்டேக் பிரஷரை அளக்கறது) மட்டும் வச்சு ஓடற வண்டியில லீக் வழியா வர காத்தையும் சேத்து அளந்து பெட்ரோல் போட்டுடும், அதனால ட்ரிம் நல்லாவே இருக்கும், ரேஸ் மட்டும் கூடும். ட்ரிம் சரியா இருக்கு அதனால லீக் இல்லன்னு நிறைய பேரு ஏமாந்து போறது இந்த இடத்துலதான்.

இதெல்லாம் பாத்தும் ஒண்ணும் கிடைக்கலன்னா ஐடில் ஸ்க்ரூ. த்ராட்டில் ஓரத்துல பெயின்ட் பொட்டு வச்ச ஒரு ஸ்க்ரூ இருக்கும், கம்பெனியில செட் பண்ணது. பெயின்ட் உடைஞ்சிருந்தா யாரோ திருப்பியிருக்காங்க. லீக்கை மறைக்க அதை திருப்பறது எந்த காலத்துலயும் தீர்வாகாது. டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கற பழைய வண்டியில அதை அசைச்சிருந்தா ஸ்பார்க் டைமிங் முன்னாடி போய் ரேஸ் ஏறும், டைமிங் லைட் வச்சு செட் பண்ணணும்.

அறிகுறி: ரேஸ் ஊஞ்சல் ஆடுது, 800, 1500, திரும்ப 800

காத்து அதிகமா வர்றதால ரேஸ் ஏறுது, கால் பெடல்ல இல்லையே ஏன் இவ்வளவு ரேஸ்னு ஈசியூ பெட்ரோலை கட் பண்ணுது, இறங்குது, திரும்ப போடுது. மேல சொன்ன லீக் வரிசையேதான், ஆனா ரெண்டு இடத்தை முன்னாடி கொண்டு வாங்க.

ஒண்ணு, ஏர் ஃபில்டர் பாக்ஸுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல இருக்கற மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய். ஃபில்டர் மாத்த அதை இழுத்து வளைக்கும்போது மடிப்புக்கு உள்பக்கம் கிழியும், இன்ஜின் பக்கம் பாத்த மாதிரி இருக்கறதால வெளிய தெரியாது, மடிப்பை விரிச்சு டார்ச் அடிச்சு பாருங்க. கிளாம்ப் ரப்பர் மேல இல்லாம வெறும் பிளாஸ்டிக் மேல உக்காந்திருக்கறதும் நடக்கும். ஒரு விஷயம் கவனிங்க, இந்த லீக் த்ராட்டிலுக்கு முன்னாடி இருக்கறதால ரேஸை நிரந்தரமா ஏத்தாது, ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில கலவையை கெடுத்து ஆட விடும், திணற விடும், அவ்வளவுதான். அதனால ஆடாம ஒரே மாதிரி 1400ல நிக்கற வண்டிக்கு இந்த குழாயை மாத்தி புண்ணியம் இல்ல.

ரெண்டு, ஏர் ஃப்ளோ சென்சார் கனெக்டர். மாட்ட மறந்திருந்தா பி0102 வரும். ஆயில் தடவின ஃபில்டர் போட்டு சென்சார் கம்பியில ஆயில் படிஞ்சிருந்தா அதுக்குன்னே வர கிளீனரை மட்டும் அடிங்க, துணி, பட்ஸ் எதுவும் தொடக் கூடாது.

ஐஏசி வால்வு (ஐடில்ல காத்தை கன்ட்ரோல் பண்றது) தனியா இருக்கற வண்டின்னா அதையும் கழட்டி கார்பன் எடுங்க, அதோட ஊசியை கையால திருகி இழுக்காதீங்க.

அறிகுறி: பேட்டரி கழட்டின பிறகு, இல்ல த்ராட்டில் கிளீன் பண்ண பிறகு மட்டும்

லீக் இல்லன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு இங்க வாங்க. அழுக்கு இருந்த காலத்துல ஈசியூ த்ராட்டிலை கொஞ்சம் கூடுதலா திறந்து வச்சு பழகியிருக்கும், இப்ப அழுக்கு இல்ல, அதே அளவு திறந்தா காத்து அதிகம், ரேஸ் அதிகம், பி0507 கூட வரலாம். பொருள் எதுவும் கெடல.

இன்ஜினை சூடாக்குங்க, ஏசி, லைட், ஃபேன், பாட்டு எல்லாம் ஆஃப், ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு, ஆக்சிலேட்டரை தொடாம ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஐடில்ல விடுங்க. அப்புறம் ஏசி போட்டு அஞ்சு நிமிஷம். அதுக்கப்புறம் நின்னு நின்னு போற மாதிரி கொஞ்ச தூரம் ஓட்டுங்க. பல வண்டி இதுலயே படிப்படியா இறங்கிடும். சில வண்டிக்கு சாவி, பெடல் வச்சு இத்தனை நொடின்னு கணக்கா ஒரு முறை இருக்கு, சிலதுக்கு ஸ்கேனர்ல இருந்துதான் கட்டளை கொடுக்கணும், உங்க மாடல் சர்வீஸ் மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான். வேற வண்டிக்கு சொன்ன நொடிக் கணக்கை உங்க வண்டியில போட்டுப் பாத்துட்டு வேலை செய்யலைன்னு சொல்லாதீங்க.

அறிகுறி: கூலன்ட் மாத்தின பிறகு, ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் வேலைக்குப் பிறகு

இன்ஜின் இன்னும் சூடாகலைன்னு ஈசியூ நினைச்சுக்கிட்டு இருக்கு. ஏன் அப்படி நினைக்குதுன்னு பாக்கணும்.

ஃபேன் ஸ்டார்ட் பண்ணதுல இருந்தே ஓடிக்கிட்டு இருந்தா கூலன்ட் சென்சார் கனெக்டர் கழண்டிருக்க வாய்ப்பு அதிகம், ஸ்கேனர்ல மைனஸ் 40 காட்டும், இல்ல பி0118 வரும். மாட்டினா முடிஞ்சுது.

ஹீட்டர் போட்டா சூடு வரல, முள்ளு ஏறி இறங்குதுன்னா ஏர் லாக். சென்சார் முனையில கூலன்ட்டுக்கு பதிலா காத்து நிக்குது. இன்ஜின் முழுசா ஆறின பிறகு மூடியைத் திறந்து, முன்பக்கம் கொஞ்சம் மேடா இருக்கற மாதிரி நிறுத்தி, ஹீட்டரை ஃபுல் ஹாட்ல வச்சு, ப்ளீட் ஸ்க்ரூ இருந்தா திறந்து, குமிழ் நிக்கற வரைக்கும் ஊத்துங்க. சூட்டுல மூடியை திறக்கவே கூடாது. முள்ளு சிவப்புக்கு போச்சுன்னா ஆஃப், ரேஸைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.

தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டு காலியா விட்டிருந்தா இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமயே ஓடும், ரேஸ் இறங்காது, பெட்ரோலும் குடிக்கும். திரும்ப போடுங்க.

அறிகுறி: பிரேக் மிதிச்சா ரேஸ் மாறுது

இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. இன்ஜின் ஆஃப்ல பெடலை அஞ்சாறு தடவை மிதிச்சு கெட்டியான பிறகு, அழுத்தி பிடிச்சபடி ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா கீழ இறங்கணும். இறங்கலன்னா பூஸ்டர் ஹோஸ், அதுல இருக்கற ஒன் வே வால்வு பாருங்க. ஹோஸ் நல்லா இருந்து, மிதிக்கும்போது கால் கிட்ட 'புஸ்'னு தொடர்ந்து சத்தம் வந்தா பூஸ்டர் டயாஃப்ரம் போயிருக்கு. பெடல் கெட்டியா இருக்கற வண்டியை ஓட்டிட்டு போகாதீங்க, மெக்கானிக்கை வரச் சொல்லுங்க.

அறிகுறி: கியர் மாத்தும்போது ரேஸ் தொங்கி நிக்குது, அப்புறம் மெதுவா இறங்குது

கேபிள் வண்டின்னா கேபிளுக்கு உள்ள துரு, த்ராட்டில் பிசுக்கு. எலக்ட்ரானிக் வண்டியில ஒரு நொடி தொங்கறது புகைக் கட்டுப்பாட்டுக்காக அப்படியே செட் பண்ணியிருக்கற விஷயமா இருக்கலாம், வேலைக்கு முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சான்னு யோசிங்க. கியர்பாக்ஸ் பக்கம் வேலை பாத்த பிறகு, வண்டி உருளும்போது மட்டும் வித்தியாசம்னா ஸ்பீட் சென்சார் கனெக்டர்.

டீசல்

டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கற ஃபில்டர்) உள்ள வண்டி தன்னைத் தானே சுத்தம் பண்ற நேரத்துல ஐடில் கொஞ்சம் ஏறும், முடிஞ்சதும் இறங்கும். கால் வைக்காமயே ரேஸ் நிக்காம ஏறிக்கிட்டே போனா, சாவியை ஆஃப் பண்ணாலும் நிக்கலன்னா, அது ஐடில் பிரச்சனையே இல்ல, பெரும்பாலும் டர்போ வழியா ஆயிலை குடிக்குது. மேனுவல் வண்டின்னா பிரேக்கை முழுசா அழுத்தி, டாப் கியர்ல போட்டு கிளட்ச்சை விட்டு அணைக்கப் பாருங்க, ஆட்டோமேட்டிக்னா இறங்கி தள்ளிப் போங்க.

எப்ப மெக்கானிக் கிட்ட போகணும்

ஓடிக்கிட்டு இருக்கும்போது ரேஸ் தானா ஏறினா நியூட்ரல், பிரேக், ஓரமா நிறுத்திட்டு ஆஃப், அதோட அன்னைக்கு ஓட்டறதை விட்டுடுங்க. ஓடற வண்டியில சாவியை லாக் வரைக்கும் திருப்பக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கும். செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிஞ்சாலும் ஓட்டாதீங்க. ஆட்டோமேட்டிக் வண்டியில 1500க்கு மேல ரேஸ் இருக்கும்போது டி, ஆர் போட்டா வண்டி குதிக்கும், கியர்பாக்ஸுக்கும் அடி.

மேல இருக்கறதை ஒரு சுத்து பாத்தும் கிடைக்கலன்னா ஸ்மோக் டெஸ்ட் இருக்கற இடமா பாத்து போங்க. இன்டேக்குக்குள்ள குறைஞ்ச பிரஷர்ல புகை விடுவாங்க, எங்க கசியுதோ அங்க புகை எட்டிப் பாக்கும், நம்ம கண்ணுக்கு எட்டாத மேனிஃபோல்டு அடிப்பக்கம் கூட சீக்கிரம் மாட்டிடும். போகும்போது என்னென்ன கழட்டினீங்க, எந்த கேஸ்கெட் பழசு, எந்த ஸ்க்ரூ மிச்சமாச்சுன்னு ஒளிக்காம சொல்லிடுங்க, கோட் எழுதி வச்ச பேப்பரையும் கையோட கொடுங்க, அவரு திரும்ப முதல்ல இருந்து தேடற நேரத்துக்கும் நீங்கதான் காசு கொடுக்கணும்.